இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தீர்கள்? செவிலியர்களின் அனுபவப் பகிர்வு

பயிற்சிப் பள்ளி ஆசிரியை ஒருவரின் பகிர்வு:

செவிலியப் படிப்பில் புதிதாகச் சேரும் மாணவிகளுக்கு முதல் வகுப்பில் நான் பாடம் எதுவும் நடத்துவதில்லை. ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, இந்தப் படிப்புக்கு ஏன் வந்தீர்கள் என்பதைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்வேன். பத்தொன்பது ஆண்டுகளாகச் சேர்ந்த தாள்கள் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 'சேவை' என்ற சொல் இருக்கும். நேர்காணலுக்காக மனப்பாடம் செய்த விடை அது என்பது படித்தவுடனே தெரிந்துவிடும். ஒரு மாணவி மட்டும், "படித்து முடித்தால் வேலை உறுதி. அதற்காக வந்தேன். வேறு காரணம் இல்லை" என்று இரண்டே வரியில் முடித்திருந்தார். அன்று எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது.

அந்தக் கையெழுத்து யாருடையது என்பது பிறகு ரெக்கார்டு நோட்டுத் திருத்தும்போது தெரிந்தது. மூன்றாம் ஆண்டில் அதே மாணவி, பக்கவாத நோயாளிகள் இருந்த வார்டில் இரவுப் பணியில் இருந்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எல்லா மாணவிகளுக்கும் தெரியும். பலர் புரட்டிவிட்டு, அட்டவணையில் கையொப்பமிட்டு, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். இவர் போர்வையைக் கால்பக்கம் விலக்கி, முதியவர் ஒருவரின் குதிகாலில் தெரிந்த சிவப்பை விரலால் அழுத்தி, விரலை எடுத்துப் பார்த்தார். "மேடம், அழுத்தினாலும் வெளுக்கவில்லை" என்றார். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாதபடி உயர்த்தி வைத்தோம். தோல் கிழியாமல் அந்தச் சிவப்பு சில நாள்களில் அடங்கியது.

சேவை உயர்ந்த காரணம், வேலை தாழ்ந்த காரணம் என்று தாள்களைத் தரம் பிரிப்பதை அதன் பிறகு விட்டுவிட்டேன். (சேவை என்று கொட்டை எழுத்தில் எழுதியவர்களில் சிலர், மலச்சட்டியைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார்கள்.) மாணவிகள் தவறாமல் மேற்கோள் காட்டும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கே ஒரே காரணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1837இல், பதினாறு வயதில், இறைவனின் அழைப்பை உணர்ந்ததாக அவர் எழுதிவைத்தார் என்பது உண்மை. செல்வக் குடும்பத்தின் எதிர்ப்பைத் தாண்டி ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற அவர் 1851 வரை பொறுத்திருந்ததும் உண்மை. ஆனால் கணக்கின் மேல் அவருக்கிருந்த ஆசையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே பல மடங்கு அதிகம் என்பதை 1858இல் அவர் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். இரக்கம் மட்டும் இருந்த ஒருவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஆண் செவிலியர் ஒருவரின் பகிர்வு:

என் காரணத்தை என்னால் நாள், நேரம் குறித்துச் சொல்ல முடியும். என் தந்தை செயற்கைச் சுவாசக் கருவியில் நினைவின்றிக் கிடந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருந்த சிஸ்டர் ஒவ்வொரு வேலையையும் தொடங்கும் முன்பு அவரிடம் சொல்லிவிட்டே செய்தார். "ஐயா, வாயைச் சுத்தம் செய்யப் போகிறேன். ஐயா, இடப்பக்கம் திருப்பப் போகிறேன், கொஞ்சம் வலிக்கும்." மறுமொழி வராது என்று தெரிந்தும் ஒரு நொடி நின்று காத்திருந்துவிட்டுத்தான் கையை வைத்தார். அப்பா பிழைக்கவில்லை. மறு ஆண்டு நான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

பிரிட்டிஷ் செவிலியர் எடித் கேவலும் இப்படித்தான் வந்தார் என்பதைப் பின்னாளில் படித்தேன். வீட்டாசிரியையாக இருந்தவர், நோயுற்ற தந்தையைக் கவனிப்பதற்காக 1895இல் வீடு திரும்பி, அதன் பிறகு முப்பது வயதில் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். முதல் உலகப் போரில் நேச நாட்டு வீரர்கள் தப்பிச் செல்ல உதவியதற்காக 1915இல் சுட்டுக் கொல்லப்பட்ட பெண்மணி என்று மட்டுமே அவரை அதுவரை அறிந்திருந்தேன்.

ஆயினும், சொந்தத் துயரத்திலிருந்து வருவதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள், வயதான ஆண் யார் படுத்திருந்தாலும் எனக்கு அப்பாவாகவே தெரிந்தார். ஒருவர் இறந்த இரவில், காலையில் வந்த குழுவிடம் மற்ற நோயாளிகளின் விவரத்தை ஒப்படைக்கும்போது ஒரு மருந்தின் அளவை இரண்டு முறை மாற்றிச் சொன்னேன். மூத்த சிஸ்டர் என்னைத் தனியே அழைத்து, "உன் அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வா. இங்கே இருப்பவருக்கு அவருடைய அளவில்தான் மருந்து" என்றார். கடுமையாகத்தான் இருந்தது. இன்று புதிதாக வருபவர்களிடம் அதையே நானும் சொல்கிறேன், கொஞ்சம் மென்மையாக.

ஆணாக இருப்பது குறித்துக் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கையின்படி செவிலியரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஆகவே நோயாளிகள் என்னை டாக்டர் என்று அழைப்பதும், இல்லை என்றதும் முகம் மாறுவதும் பழகிவிட்டன.

அறுவைச் சிகிச்சை வார்டில் இருக்கும் ஒருவரின் பகிர்வு:

நான் மருத்துவராக ஆசைப்பட்டு, இடம் கிடைக்காமல் இங்கே வந்தவள். இதை வெளியே சொல்வதற்கே பல ஆண்டுகள் கூச்சப்பட்டேன். அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த ஒருவருக்கு இரத்த அழுத்தம் சரியாக இருந்தது, பேசவும் செய்தார். ஆனால் நிமிடத்துக்கு 16 ஆக இருந்த மூச்சு 22 ஆகி, ஒரு மணி நேரத்தில் 28 ஆனது, கையும் சில்லிட்டிருந்தது. முதலில் அழைத்தபோது, வலியாக இருக்கும், பார்ப்போம் என்றார் மருத்துவர். மூன்று எண்களையும் வரிசையாகப் படித்துக் காட்டி மீண்டும் அழைத்தேன். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவரை மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டு போனார்கள். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்க்கும் நோயாளியை நான் எட்டு மணி நேரம் பார்க்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கூச்சம் அதோடு போயிற்று. வருத்தம் மட்டும் இன்னும் எங்கோ கொஞ்சம் இருக்கிறது.

பயிற்சிப் பள்ளி ஆசிரியை மீண்டும்:

'வேலை உறுதி' என்று எழுதிய அந்த மாணவி இப்போது ஒரு வார்டின் பொறுப்புச் செவிலியர். சென்ற மாதம் என் மாணவிகளை அங்கே அழைத்துச் சென்றபோது அந்த அரைத்தாளையும் எடுத்துச் சென்றேன். வாங்கிப் படித்தவர், "இதில் ஒன்றும் பொய் இல்லையே, மேடம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சலைன் தீர்ந்துகொண்டிருந்த கட்டிலை நோக்கி நடந்தார்.