பிள்ளைகளோடு ஐரோப்பியக் கோடை: எங்கே செலவு அடங்கியது, எங்கே கைமீறியது

நீலக்குடை:

பிள்ளைகளோடு கோடையில் ஐரோப்பா போக எந்த நாடு மலிவு என்று இங்கே பலர் கேட்கிறார்கள், நாங்களும் முதலில் அதைத்தான் தேடினோம். முதல் கோடையில் வெனிஸ், வியன்னா, ப்ராக் என்று ஒன்பது நாளில் மூன்று நகரம். ப்ராக் மலிவு என்று எல்லாரும் சொன்னார்கள், தங்கிய இடமும் மலிவுதான். ஆனால் திரும்பி வந்து கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அறைகளுக்குக் கொடுத்ததைவிட ஊர் விட்டு ஊர் நகர்ந்ததற்குக் கொடுத்ததுதான் அதிகம். நாலு பேருக்கு ரயில் டிக்கெட், பெட்டி வைக்க லாக்கர், பசி தாங்காமல் ஸ்டேஷனிலேயே வாங்கிய சாண்ட்விச், விமான டிக்கெட்டையே தாண்டிப்போன பெட்டிக் கட்டணம், அப்புறம் நகரத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே எங்கோ தள்ளி இருந்த விமான நிலையத்திலிருந்து பஸ். பிள்ளைகளிடம் எது பிடித்தது என்று கேட்டோம். வியன்னாவில் ஒரு பூங்காவில் தரையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் ஆடினார்கள், அதைத்தான் இரண்டு பேரும் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் கேள்வியை மாற்றிக்கொண்டோம். காசு கேட்காத ஓர் இடத்தில் பிள்ளைகள் நாள் முழுக்கக் கிடக்க வேண்டும், அங்கே நடந்தே போய்வர வேண்டும், தங்குமிடத்தில் அடுப்பு இருக்க வேண்டும். இதை வைத்துத் தேடியதில் கிடைத்ததுதான் ஹங்கேரியின் பாலடோன் ஏரி. 77 கிலோமீட்டர் நீளம், ஆனால் சராசரி ஆழம் மூன்று மீட்டர் சொச்சம்தான். அதிலும் தென்கரை ரொம்பத் தட்டை. என் மகனுக்கு அப்போது 6 வயது, கரையிலிருந்து நடக்க ஆரம்பித்தவன் நடந்துகொண்டே இருக்கிறான், திரும்பிப் பார்த்தால் எங்கள் துண்டு புள்ளியாகத் தெரிகிறது, தண்ணீர் அவனுக்கு இடுப்புகூட எட்டவில்லை. கடல் என்றால் அலைக்குப் பயந்து கையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டிய வயது அது.

புடாபெஸ்ட்டிலிருந்து ரயில் தென்கரையை ஒட்டியே போகிறது, ஜன்னலில் ஏரி கூடவே வரும். 2024 மார்ச் முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணம் இல்லை, வயதைக் காட்ட பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும். வடகரையில் குளிக்கும் இடங்கள் பெரும்பாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போவதுபோல இருக்கும், தென்கரையில் நிறைய இடங்கள் இலவசம். புல்தரை, மர நிழல், வேகவைத்த சோளம் விற்பவர், பூண்டும் புளிப்பு க்ரீமும் தடவிய லாங்கோஷ் என்கிற பொரித்த ரொட்டி. எட்டு நாள் ஒரே ஊர். காலையும் இரவும் வீட்டில் சமைத்தோம், மதியம் மட்டும் கரையில். ஒரே ஒரு நாள் படகில் அக்கரை போய் டிஹானி மடாலயம் பார்த்தோம். 1055இல் நிறுவப்பட்டது, மேலே இருந்து பார்த்தால் மொத்த ஏரியும் பால் கலந்த பச்சையாகத் தெரியும்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். கரையோரம் கம்பத்தில் புயல் எச்சரிக்கை விளக்குகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 45 முறை மின்னினால் முதல் நிலை, 90 முறை என்றால் இரண்டாம் நிலை, அப்போது யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. எங்களுக்கு இது தெரியாது. ஐந்தாம் நாள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் விளக்கு மின்னியது, நாங்கள் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. விளக்கைக் காட்டினார், உள்ளங்கையை மெதுவாகத் திறந்து மூடிக் காட்டி, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு கையைப் படபடவென்று திறந்து மூடி, தண்ணீரில் இருந்த என் பிள்ளைகளைக் காட்டி, கரையைக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது, விளக்கு வேகமாக மின்னிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் இரண்டு பேரையும் இழுத்து வந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, காற்று குடைகளைப் பிடுங்கி எறிந்தது, முழங்கால் ஆழத் தண்ணீரில் அலை நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அந்தப் பாட்டிக்கு நன்றி சொல்ல எனக்கு அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரட்டையர் அம்மா:

படிக்கும்போதே பதறிவிட்டது தோழி, அந்தப் பாட்டி நல்லா இருக்கட்டும்.

நாங்கள் போனது அல்பேனியா. கிரீஸின் கோர்ஃபு தீவுக்கு மலிவான விமானம் கிடைத்தது, அங்கிருந்து வேகப்படகில் அரை மணி நேரத்தில் அல்பேனியக் கரையில் இருக்கும் சரண்டா. விசா வைத்துப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஏற்பாடுதான் ஷெங்கன், அல்பேனியா அதற்கு வெளியே இருக்கிறது, ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவோடு கிரீஸிலிருந்து அங்கே போய்விட்டால் அதே விசாவில் கிரீஸுக்குத் திரும்ப முடியாது. பலமுறை நுழையும் விசாதான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய சிம்மின் ரோமிங்கும் அங்கே செல்லாது.

அல்பேனியா முழுக்க மலிவு என்று நம்பிப் போகாதீர்கள். ஆகஸ்டில் க்சமில் கடற்கரையின் முன்வரிசைக் குடையும் சாய்வு நாற்காலியும் எங்கள் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை விழுங்கின. இரண்டாம் நாளே அங்கிருந்து கிளம்பி வடக்கே போர்ஷ் போனோம். பல கிலோமீட்டர் நீளக் கூழாங்கல் கரை, பின்னால் ஆலிவ் மரங்கள், துண்டை எங்கே வேண்டுமானாலும் விரித்துக்கொள்ளலாம். என் பையன்களுக்கு அப்போது 8 வயது. கல் பொறுக்குவதும் அடுக்குவதுமாகவே நாலு நாள் ஓடிவிட்டது. ரப்பர் செருப்பு கட்டாயம், கல் கொதிக்கும்.

அங்கே நடந்த ஒன்றை மறக்கவே முடியாது. சரண்டாவில் தெருவோரம் பீச் பழம் விற்ற ஓர் அம்மா, இரண்டு கிலோவுக்கு "இரண்டாயிரம்" என்றார். அந்த நாட்டு நாணயமான லெக்கில் 2000 என்றால் ஏறக்குறைய 20 யூரோ. என் கணவர் முகம் சுருங்கிப்போனது, பையன்கள் ஆளுக்கொரு பழத்தை ஏற்கெனவே கடித்துவிட்டார்கள், வேறு வழியில்லாமல் 2000 நோட்டை நீட்டினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அதை அவர் கையிலேயே திருப்பி வைத்து மூடினார், என் கணவரின் பணப்பைக்குள் விரலால் காட்டி 200 நோட்டை எடுக்கச் சொன்னார். 1965இல் அவர்கள் நாணயத்தில் ஒரு பூஜ்யத்தைக் குறைத்தார்களாம், இன்னும் பேச்சில் பலர் பழைய லெக்கிலேயே விலை சொல்கிறார்கள். தெரியாதவர்களிடம் பத்து மடங்கு வாங்கிக்கொள்வது எவ்வளவு எளிது! அந்த அம்மா அதைச் செய்யவில்லை. பையன்களுக்கு மேலும் இரண்டு பழம் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. கோர்ஃபு கடிகாரம் அல்பேனியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். சரண்டாவில் காலை 10:30க்குப் படகு ஏறி அரை மணியில் இறங்கினாலும் அங்கே மணி 12. நாங்கள் அதைக் கணக்கில் எடுக்காமல் 2 மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தோம், பாஸ்போர்ட் வரிசையில் நின்ற அந்த நாற்பது நிமிடம் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கடைசி இரவைக் கோர்ஃபுவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்பித்தன்:

எல்லாரும் தண்ணீர் பக்கமே போகிறீர்கள். நீச்சலில் ஆர்வமில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், என் மகன் அப்படி. நாங்கள் போலந்து, கிராக்கோவ் நகரில் ஒரு வாரம்.

அங்கே "பார் ம்லெச்னி" என்று உண்டு, பால் பார் என்று அர்த்தம். பார் என்றதும் தயங்க வேண்டாம், அரசு மானியத்தோடு நடக்கும் சாதாரணச் சாப்பாட்டுக் கடை. மாணவர்கள், வயதானவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். சுவரில் போலிஷ் மொழியில் பட்டியல், கல்லாவில் சொல்லிப் பணம் கட்டி, ஜன்னலில் தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் "பியெரோகி ருஸ்கியே" என்று கேளுங்கள், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை மாதிரி, ஆனால் மேலே பன்றிக்கொழுப்பு போடுவது உண்டு, வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோடையில் பீட்ரூட் போட்ட குளிர்ந்த சூப் கிடைக்கும், ரோஜா நிறத்தில் இருக்கும், என் மகள் நிறத்துக்காகவே அதைக் கேட்டாள். முதல் நாள் சாப்பிட்டுவிட்டு எழுந்து கிளம்பினோம். பக்கத்து மேசையில் இருந்த ஒரு முதியவர் என் மகனின் தோளைத் தட்டி, காலித் தட்டைக் கையில் எடுத்துக் கொடுத்து, அழுக்குத் தட்டு வைக்கும் ஜன்னல் வரைக்கும் கூடவே நடந்து போய்க் காட்டினார். அன்றிலிருந்து வாரம் முழுக்க நாலு பேர் தட்டையும் அவன்தான் கொண்டுபோய் வைத்தான், வேறு யாரையும் தொட விடவில்லை.

வியெலிச்கா உப்புச் சுரங்கம் ரயிலில் பக்கம்தான். ஆரம்பத்திலேயே 380 மரப்படிகள் கீழே இறங்க வேண்டும், எல்லாம் சேர்த்து 800 படி. குழந்தைத் தள்ளுவண்டி வேண்டவே வேண்டாம். உள்ளே 17, 18 டிகிரிதான், வெளியே வெயில் கொளுத்தினாலும் சட்டைக்கு மேல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வைத்துக்கொள்ளாமல் மகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு நடந்தோம். மேலே வர லிஃப்ட் இருக்கிறது. தரைக்கு 101 மீட்டர் கீழே உப்பிலேயே குடைந்த தேவாலயம், சரவிளக்குகூட உப்புப் படிகம். சுவரை நக்கிப் பார்க்கலாம் என்று வழிகாட்டியே சொன்னதும் பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். சரி என்றேன்.

பணம் எடுக்கும்போது கவனம். ஏடிஎம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிப் போலந்து நாணயமான ஸ்லோட்டியிலேயே எடுங்கள். நான் அவசரத்தில் சரி என்று அழுத்தி, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இழந்தேன். ஒரு வேளைச் சாப்பாடு நாலு பேருக்கு அதில் முடிந்திருக்கும்.

மூன்றாம் மாடி:

விசா செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2024 ஜூன் 11 முதல் ஷெங்கன் விசா பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 நிறையும் வரை 45, ஆறுக்குக் கீழே இலவசம். எங்கள் வீட்டில் 8 வயதும் 4 வயதும், ஆக 225 யூரோ, இடையில் உள்ள விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு அப்படிச் செய்தால்தான் நேரம் கிடைக்கும். நாங்கள் ஏப்ரல் இறுதியில் முயன்றோம், ஜூலை வரை ஒரு நாள்கூடக் காலி இல்லை, அந்த வருஷப் பயணமே போனது. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே ஊரில் தங்குவது இதற்கும் நல்லது, காட்ட வேண்டிய முன்பதிவு ஒன்றே ஒன்று.

உப்புக்காற்று:

பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகாதவர்களும், பள்ளி தாமதமாகத் திறக்கிறவர்களும் பல்கேரியாவை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் நடுவில் ஐரோப்பாவில் பாதிப் பேர் கடற்கரையில்தான் இருப்பார்கள், எங்கே போனாலும் விலை உச்சம். நாங்கள் ஒரு வருஷம் ஆகஸ்ட் முதல் வாரமும் அடுத்த வருஷம் செப்டம்பர் முதல் வாரமும் கருங்கடல் பக்கம் போனோம், தங்குமிடத்துக்கு இரண்டாம் முறை ஏறக்குறைய பாதிதான் ஆனது. அங்கே பள்ளிகள் செப்டம்பர் 15இல்தான் திறக்கின்றன, அதனால் ஊர் வெறிச்சோடிப் போவதில்லை. கோடை முழுக்கச் சூடான கடல் அப்போதும் இதமாக இருக்கும்.

பெரிய உல்லாச நகரத்தை விட்டுப் பொமோரியே என்ற சின்ன ஊரில் தங்கினோம். கருங்கடலில் உப்பு மற்றக் கடல்களில் பாதி அளவுதான். என் மகள் முந்தைய வருஷம் மத்தியதரைக் கடலில் ஒரு முறை முங்கியதும் கண் எரிகிறது என்று அழுது அதற்குப் பிறகு இறங்கவே மறுத்தாள், இங்கே கண்ணைத் திறந்துகொண்டே முங்கி மீன் குஞ்சைப் பார்த்தேன் என்று ஓடிவந்தாள். மூன்று வயதுக் குழந்தைக்கு இதுதான் பெரிய வித்தியாசம். பஸ்ஸில் நெசெபர் போய்வரலாம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஊர், 1983லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கற்கள் பதித்த தெரு, மதியத்தில் நெரிசல், காலை 9க்குள் போய்விடுங்கள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் அலை சின்னதாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள், அடியில் இழுப்பு இருக்கும்.

2025 ஜனவரி 1 முதல் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டன, பல்கேரியாவில் 2026 ஜனவரி 1 முதல் யூரோ. நாங்கள் 2025 செப்டம்பரில் போனபோது கடைகளில் அப்போதைய நாணயமான லெவாவிலும் யூரோவிலும் இரண்டு விலையும் ஒட்டியிருந்தார்கள். குரோஷியா 2023இல் யூரோவுக்கு மாறிய பிறகு விலை ஏறிவிட்டது என்று அங்கே போனவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இங்கே எப்படிப் போகும் என்று அடுத்து போகிறவர்கள் வந்து எழுதுங்கள்.

நீலக்குடை:

எல்லாருக்கும் நன்றி. என் மகனிடம் கண் எரியாத கடல் ஒன்று இருக்கிறதாம் என்று படித்துக் காட்டினேன், மகளிடம் சுவரை நக்கலாம் என்கிற சுரங்கத்தை. இப்போது இரண்டு பேருக்கும் சண்டை. ஒரு பயணத்தில் இரண்டையும் சேர்க்கும் ஆசை எனக்கும் வந்தது, ஆனால் முதல் வருஷக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். ஆகஸ்ட் கடைசி பத்து நாள் பொமோரியேயில் ஒரே வீடு, அடுப்போடு, கரைக்கு நடக்கும் தூரத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். உப்புக்காற்று, கடைத்தெருவுக்கும் கரைக்கும் நடுவில் எந்தப் பக்கம் தங்கினால் நிழலில் நடந்து வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.