கல்ஃப் வேலைக்குப் போகும் பைலட்டுகள்: எந்தக் காகிதம் எங்கே மாட்டுகிறது?

வலதுசீட்:
இன்டர்வியூவும் சிமுலேட்டர் செக்கும் தாண்டியவர்கள்கூட காகிதத்தில் மாட்டி மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரவருக்குத் தெரிந்ததை இங்கே போடுங்கள். கதை வேண்டாம், விவரம் போதும்.

நான் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1944 சிகாகோ உடன்படிக்கையின் 32வது பிரிவுப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு கொடுத்த லைசென்ஸ் பைலட்டிடம் இருக்கணும். இல்லையென்றால், வேறு நாட்டு லைசென்ஸை அந்த நாடு ஏற்றுக்கொண்டிருக்கணும். விமானத்தின் பதிவெழுத்து விடி என்றால் இந்திய விமான ஆணையமான டிஜிசிஏ, ஏ6 என்றால் அமீரகத்தின் விமான ஆணையமான ஜிசிஏஏ. அதே ஏ320, அதே காக்பிட், ஆனால் சட்டப்படி வேறு லைசென்ஸ். ஏற்றுக்கொள்வதில் இரண்டு வகை. வேலிடேஷன் என்றால் நம் லைசென்ஸை அடிப்படையாக வைத்துக் குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி. இந்திய லைசென்ஸோ மெடிக்கலோ (மருத்துவத் தகுதிச் சான்று) காலாவதியானால் அதுவும் போச்சு. கன்வர்ஷன் என்றால் அந்த நாட்டு லைசென்ஸே கிடைக்கும், ஆனால் தேர்வு உண்டு. ஐரோப்பிய விமான ஆணையமான ஈசாவின் லைசென்ஸ் வேண்டுமென்றால் ஏடிபிஎல் (ஏர்லைன் பைலட் லைசென்ஸ்) தியரி 13 பாடமும் எழுதணும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம், முதல் தேர்விலிருந்து 18 மாதக் கெடு. ஆஃபர் லெட்டரில் இரண்டில் எது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனிஷியல்_எஸ்:
நம்ம ஊர்க்காரங்களுக்கு முதல் தலைவலி பெயர்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கார்த்திக் எஸ்". டிகிரியில் "எஸ். கார்த்திக்". பாஸ்போர்ட்டில் கிவன் நேம் "கார்த்திக் சுப்பிரமணியன்", சர்நேம் காலி. லைசென்ஸில் வெறும் "கார்த்திக்". நமக்கு இது நாலும் ஒரே ஆள். வெளிநாட்டு லைசென்ஸிங் ஆபீஸில் இருப்பவருக்கு நாலு ஆள்.

"இருவரும் ஒருவரே" என்று நோட்டரி அஃபிடவிட் போட்டால் பள்ளி, கல்லூரி சான்றிதழ்களுக்குப் பல இடங்களில் ஓடிவிடும். லைசென்ஸுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவில் வித்தியாசம் இருந்தால் அஃபிடவிட்டை நம்பாதீங்க. டிஜிசிஏவின் இஜிசிஏ போர்ட்டலில் லைசென்ஸ் பெயரையே பாஸ்போர்ட்டுக்குப் பொருந்துற மாதிரி மாற்றிடுங்க.

சர்நேம் காலியாக விட்டு ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் விசிட் விசா கொடுப்பதில்லை. ஏற்கெனவே அமீரக ரெசிடென்ஸ் கார்டு வைத்திருக்கிறவங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் செலக்‌ஷனுக்கு விசிட் விசாவில் வரச்சொன்னால் அங்கேயே நின்றுவிடும். பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ போட்டு அப்பா பெயரை சர்நேமாகப் பிரிச்சுக்கலாம், ஆனால் பாஸ்போர்ட் நம்பர் மாறும். அதனால இதை எல்லாத்துக்கும் முன்னாடி முடிச்சிடுங்க. லைசென்ஸ் வெரிஃபிகேஷனுக்கு (லைசென்ஸ் உண்மைதான் என்று டிஜிசிஏ உறுதிசெய்வது) பழைய நம்பர் போய், விசாவுக்குப் புது நம்பர் போனால் இரண்டு ஃபைலும் சேராது.

ஹோல்டிங்_பாட்டர்ன்:
லைசென்ஸ் வெரிஃபிகேஷன் பற்றி. விண்ணப்பம் நாம் போடலாம், கடிதம் நம் கைக்கு வராது. டிஜிசிஏ நேராக அந்த நாட்டு ஆணையத்துக்கு அனுப்பணும். நாம் ஸ்கேன் செய்து அனுப்பும் நகலுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

இவ்வளவு கறார் ஏன் என்று கேட்பவர்கள் 2020 ஜூனை நினைத்துப் பார்க்கணும். பாகிஸ்தான் விமானத்துறை அமைச்சர் அந்நாட்டின் 262 பைலட்டுகளின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். உடனே வியட்நாம், மலேசியா போன்ற நாடுகள் தங்களிடம் வேலை பார்த்த பாகிஸ்தான் பைலட்டுகளைப் பறப்பதிலிருந்து நிறுத்திவிட்டு, ஒவ்வொரு லைசென்ஸையும் சரிபார்க்க ஆரம்பித்தன. ஒழுங்காகப் படித்துத் தேறியவர்களும் அதில் சேர்ந்தே அடிபட்டார்கள். இது நினைத்தாலே வேதனையான விஷயம்.

மாட்டும் இடங்கள் மூன்று. ஒன்று, மின்னஞ்சல் முகவரி: ஆணையத்தின் பொது முகவரிக்குப் போனால் தேங்கிக் கிடக்கும். லைசென்ஸிங் பிரிவின் முகவரியைப் புதுக் கம்பெனியின் ஹெச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு, கடிதத்தில் என்னென்ன இருக்கணும் என்பது: டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி), ஐஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதி), மெடிக்கல் தேதி, ஆங்கிலத் தேர்ச்சி நிலை, விபத்து அல்லது நடவடிக்கை ஏதும் உண்டா என்ற வரி. ஆங்கிலத் தேர்ச்சி லெவல் 4 மூன்று வருடத்துக்கும் லெவல் 5 ஆறு வருடத்துக்கும்தான் செல்லும். அது முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். மூன்று, கடிதம் தயாராகும் நாளில் மெடிக்கல் முடிந்திருந்தால் லைசென்ஸ் "கரன்ட் இல்லை", அதாவது நடப்பில் இல்லை, என்று போய்விடும். அதைத் திருத்தி வாங்குவதற்குள் மறுபடி முதலிலிருந்து வரிசை.

பாரிமுனை:
சான்றிதழ்களை அட்டெஸ்டேஷனுக்கு (அவை உண்மை என்று அரசு முத்திரை வாங்குவது) ஏஜென்டிடம் கொடுக்கும்முன் எந்த நாட்டுக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். சவுதி 2022 டிசம்பரில் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் (தூதரக முத்திரை இல்லாமல் ஒரே சான்றோடு ஆவணத்தை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தம்) வந்துவிட்டது. ஓமன், பஹ்ரைன் முன்பே உள்ளே. இவற்றுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர். அமீரகம், கத்தார், குவைத் அதில் இல்லை. இவற்றுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம், கடைசியில் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை விழணும். நடுவில் ஒன்று விட்டால் அடுத்த கவுன்டரில் கைவைக்க மாட்டார்கள். அமீரகத்துக்குப் போகிறவர் டிகிரியில் அப்போஸ்டில் ஒட்டி வந்தால் வேலை இரட்டிப்பு.

போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் வாங்குவதுதான் செல்லும், கட்டணம் 500 ரூபாய். இதை முதலில் வாங்கி வைக்காதீர்கள். சில மாதம் பழசானாலே புதுசு கேட்பார்கள்.

மட்டக்களப்பான்:
இலங்கை லைசென்ஸ் வைத்திருக்கிற ஆக்களுக்கு: எங்கட நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில இல்லை. எந்த நாட்டுக்குப் போறதெண்டாலும் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில உறுதிப்படுத்தி, பிறகு தூதரகம். அதற்கு யாழ்ப்பாணத்திலயும் அலுவலகம் இருக்கு, கொழும்புக்கு அலையத் தேவையில்லை. ஓ லெவல், ஏ லெவல் பெறுபேறு பரீட்சைத் திணைக்களம் குடுத்த பிரதியாக இருக்கவேணும். பாடசாலை குடுத்த பெறுபேற்றுத் தாளைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவினம்.

ஆடியோகிராம்:
மெடிக்கல் இரண்டு உண்டு, இரண்டையும் ஒன்றென்று நினைக்காதீங்க. ஒன்று கிளாஸ் 1, பைலட் லைசென்ஸுக்காக ஏவியேஷன் டாக்டர் பார்ப்பது: இசிஜி, காது கேட்கும் அளவு, நிறக்குருடு பார்க்கும் இஷிஹாரா வண்ணத் தட்டுகள். மற்றது ரெசிடென்ஸ் விசாவுக்கானது: ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே. சின்ன வயசில் டிபி வந்து குணமாகி, நுரையீரலில் வடு மட்டும் மிச்சமிருக்கிறவர்கள் கிளாஸ் 1ல் பல வருடம் ஃபிட்டாகவே இருந்திருப்பார்கள். விசா எக்ஸ்ரேயில் அந்த வடு தெரிந்தால் அங்கே கூடுதல் பரிசோதனைக்கு நிறுத்துவார்கள். சிகிச்சை முடித்த சான்று, பழைய எக்ஸ்ரே பிலிம் இரண்டையும் தேதியோடு கையில் கொண்டுபோங்க. இங்கேயே ஒரு எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது. வேலையை விட்டபிறகு அல்ல, விடுறதுக்கு முன்னாடி.

வலதுசீட்:
நோட்டீஸ் பீரியடை யாரும் தொடவில்லை, எனக்கு ரொம்பக் கவலை தருவது அதுதான். 2017ல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கமாண்டருக்கு 1 வருடம், ஃபர்ஸ்ட் ஆபிசருக்கு 6 மாதம். வெளிநாட்டுக் கம்பெனி மூன்று மாதத்தில் வரச்சொல்லும். இந்த இடைவெளியை ஆஃபர் வந்த அன்றே எழுத்தில் பேசி முடிக்கணும். வாய்வார்த்தை போதாது.

அடுத்தது, வேலையிலிருந்து விடுபட்ட நாளிலிருந்து ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும். 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் என்ற ரீசன்ஸி முதலில் போகும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ப்ரொஃபிஷியன்ஸி செக் (பறக்கும் திறன் சோதனை). பிறகு மெடிக்கல். அங்கே விசாவும் பாதுகாப்பு அனுமதியும் இழுக்க இழுக்க, சேரும்போது நாம் "கரன்ட்" இல்லாத பைலட். கன்வர்ஷனுக்கு முன் கூடுதல் சிமுலேட்டர் தேவைப்படும், அந்தச் செலவு யார் தலையில் என்று கான்ட்ராக்டில் பாருங்கள். வெரிஃபிகேஷனையும் அட்டெஸ்டேஷனையும் நோட்டீஸ் காலத்துக்குள் முடித்துவிட்டு, ப்ரொஃபிஷியன்ஸி செக்கையும் மெடிக்கலையும் கடைசி மாதத்தில் வைத்துக்கொண்டால், ரீசன்ஸி போனாலும் இவை இரண்டுக்கும் ஏறக்குறைய ஆறு மாதம் கையில் இருக்கும்.

இனிஷியல்_எஸ்:
லாக்புக்கையும் கடைசி வேலை நாளுக்குள் முடிச்சிடுங்க. டைப் வாரியாக, பி1 (கமாண்டராகப் பறந்தது), பி2 (துணை பைலட்டாகப் பறந்தது), இரவு, இன்ஸ்ட்ருமென்ட் என்று மொத்தம் போட்டு, கடைசிப் பக்கத்தில் ஆபரேஷன்ஸ் கையெழுத்தும் சீலும் வேணும். பி1 அண்டர் சூப்பர்விஷன் (கேப்டன் மேற்பார்வையில் கமாண்டர் வேலை பார்த்த) மணிகளைத் தனி வரியாகக் காட்டுங்க. அதை முழு பி1 என்று கூட்டிவைத்தால் மொத்தக் கணக்கையும் சந்தேகப்படுவாங்க. டைப் ரேட்டிங் சான்று, கடைசி இரண்டு செக்கின் ஃபார்ம் நகலையும் அன்றே கேட்டு வாங்குங்க. ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்தபிறகு ட்ரெயினிங் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டால் யாரும் ஃபைலைத் தேடி எடுத்துத் தர மாட்டாங்க.