எங்கள் அணியில் ஒரு பெடியன் வாய்விட்டுச் சொன்னால்?

வேப்பமரத்தடி:
ஞாயிறு இரவு ஒரு பழைய காணொளி கண்ணில் பட்டது. செக் நாட்டு உதைபந்தாட்ட நடுக்கள வீரர் யாகுப் யாங்க்டோ, 2023 பெப்ரவரியில், தான் தன்பாலீர்ப்பாளன் என்று கமராவைப் பார்த்துச் சொல்கிறார். இனி ஒளிந்திருக்க விருப்பமில்லை என்கிறார், அவ்வளவுதான். தன் நாட்டுக்காக நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய ஆள். அதே வருடம் இத்தாலியின் கலியாரி கழகம் அவரை எடுத்தது. அந்நாட்டின் முதல்தர லீக்கான சீரி ஆ போட்டிகளிலும் ஆடினார்.

அதைப் பார்த்த பிறகு நித்திரை வரவில்லை. காரணம் யாங்க்டோ இல்லை. நான் முன்பு ஆடிய கழகத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு கோல்கீப்பர் இருந்தான். தண்ட உதை என்றால் எதிரணிக்குக் கால் நடுங்கும். ஒருநாள் அவனைப் பற்றி ஒரு கதை பரவியது. யாரும் அவனுக்கு அடிக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பயிற்சி நேரம் மாறியதை அவனுக்குச் சொல்ல மட்டும் எல்லோரும் மறந்து போனோம். நானும்தான். இரண்டு மாதத்தில் அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

இப்போது நான் சின்னப் பெடியங்களைப் பழக்குகிறேன். கேள்வி இதுதான்: இன்று உங்கள் கழகத்தில் ஒருவன் வெளிப்படையாகச் சொன்னால், அடுத்த ஆட்டத்துக்கு அவன் பெயரைப் போடுவீர்களா?

செயலாளர்:
தம்பி, நேராகச் சொல்கிறேன், போடமாட்டேன். அவன் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் ஊர்க் கழகம் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஜேர்சி, பந்து, மின்னொளி ஆட்டத்துக்கு ஜெனரேற்றர் வாடகை எல்லாம் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்குக் காசு அனுப்புகிற இரண்டு குடும்பங்களின் தயவு. அதற்கு மேல் பெடியங்களின் தாய் தகப்பன். நாலு பேர் பிள்ளையை மறித்தால் எனக்குப் பதினொரு பேர் தேறாது.

யாங்க்டோவுக்கு ஒப்பந்தம் இருந்தது, முகவர் இருந்தார். எங்கள் பெடியன் ஆட்டம் முடிந்து அதே ஒழுங்கையால்தான் வீட்டுக்குப் போகவேண்டும். இன்னொன்று, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடங்கியது 1992இல். அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன ஆண் வீரர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். அங்கே ஆடிய ஜேர்மன்காரர் ஹிட்ஸ்ல்ஸ்பெர்கர்கூட ஓய்வு பெற்ற பிறகு, 2014இல்தான் வாய் திறந்தார். கோடிக்கணக்கில் காசு புரளுகிற இடத்திலேயே பயம் என்றால், யாழ்ப்பாணத்துக் குருநகரையும் நாவாந்துறையையும் ஏன் கேட்கிறீர்கள்?

வடமராட்சியான்:
செயலாளர் அண்ணை மரியாதைக்குச் சுற்றி வளைக்கிறார். எங்கள் பண்பாட்டுக்கு இது ஒத்துவராது, விஷயம் முடிந்தது. ஒரே அறையில் உடுப்பு மாற்றுகிற விளையாட்டு இது. மற்றப் பெடியங்களின் கூச்சத்தை யார் பார்ப்பது? ஒருவன் எப்படி இருந்தாலும் இருக்கட்டும், படுக்கையறைக் கதையை ஏன் மைதானத்துக்குக் கொண்டு வரவேண்டும்? நான் என் மனைவியைப் பற்றிப் பந்தடிக்கிற இடத்தில் கதைக்கிறேனா?

வலைப்பந்து:
கதைப்பதில்லையா அண்ணை? உங்கள் கலியாணத்துக்கு அணி முழுக்க ஒரே நிறச் சேட்டில் வந்து நின்று படம் எடுத்திருக்கும். கிண்ணம் வென்றால் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவீர்கள். அதெல்லாம் படுக்கையறைக் கதை இல்லை. அவன் "எனக்கு ஒருவர் இருக்கிறார்" என்று சொன்னால் மட்டும் படுக்கையறை ஆகிவிடுமோ?

அப்புறம் அந்த உடுப்பு மாற்றும் அறை. எந்த மைதானத்தில் இருக்கிறது அது? துரையப்பா அரங்கை விடுங்கள். ஊர் மைதானத்தில் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் சாரத்தைக் கட்டிக்கொண்டு மாற்றுகிற ஆட்கள்தானே!

நான் பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து ஆடியவள், இப்போது பெண்கள் கிரிக்கெட் பார்க்கிறேன். தென்னாபிரிக்காவின் டேன் வான் நீகெர்க்கும் மரிசான் காப்பும் 2018இல் கலியாணம் கட்டினார்கள். அப்போது ஒருவர் அணித்தலைவி, மற்றவர் பந்துவீச்சின் முதுகெலும்பு. ஒரே அறையில்தான் உடுப்பு மாற்றினார்கள், அணி உடைந்து போகவில்லை. நியூசிலாந்தின் ஏமி சாட்டர்த்வெய்ட்டும் லீ தஹுஹுவும் அப்படித்தான். 2019 பெண்கள் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் தங்கப் பந்தும் தங்கப் பாதணியும் வாங்கிய அமெரிக்காவின் மேகன் ரப்பினோ எதையும் ஒளித்தவர் இல்லை.

வடமராட்சியான்:
பெண்கள் விஷயம் வேறு.

வலைப்பந்து:
என்ன வேறு? பெண் பந்தடித்தாலே "ஆம்பிளை மாதிரி" என்று சொல்லிப் பழகிவிட்டீர்கள், அதற்கு மேல் என்ன தெரிய வந்தாலும் உங்களுக்குப் புதினம் இல்லை. ஆண் அணியில்தான் பிரச்சினை. அங்கே பந்து மட்டுமா ஆடுகிறீர்கள், யார் ஆம்பிளை என்றும் ஒரு போட்டி நடக்கிறது.

ஸ்காபரோக்காரன்:
காசு அனுப்புகிற ஆட்களில் நானும் ஒருவன். செயலாளர் அண்ணை, உங்கள் கழகத்துக்கு இல்லை, பக்கத்து ஊருக்கு. எங்களைச் சாட்டாதேங்கோ. அப்படி ஒரு பெடியன் இருந்தால் காசை நிறுத்துவாயா என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. இங்கே கனடாவில் என் மகன் கூடைப்பந்து ஆடுகிறான். அமெரிக்க வீரர் ஜேசன் கொலின்ஸ் 2013இல் சொல்லிவிட்டு, 2014இல் புரூக்ளின் நெற்ஸில் இறங்கி ஆடியதை அவன் பாட்டன் காலத்துச் சரித்திரம் மாதிரிச் சொல்லுவான்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் இதை எழுப்பினால் பாதிப் பேர் எழும்பிப் போவார்கள். மற்றப் பாதி கொத்துரொட்டி வரும்வரை பேசாமல் இருக்கும்.

செயலாளர்:
பாருங்கள், அதைத்தானே நானும் சொன்னேன்.

சட்டத்தரணி அல்ல:
ஒருவரும் சட்டத்தைத் தொடவில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் அதில் கிடக்கின்றன. பண்பாடு என்று கதைக்கிறவர்கள் அந்தத் திகதியை ஒருக்கால் பாருங்கள். 1995இல் திருத்தினார்கள், ஆனால் நீக்கவில்லை. ஆண்களுக்கு மட்டும் இருந்ததைப் பெண்களுக்கும் சேர்த்துவிட்டார்கள், அதுதான் எங்கள் சமத்துவம்! இதை நீக்க ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. நாடாளுமன்றம்தான் நிறைவேற்றவில்லை. அதனால் செயலாளர் அண்ணையின் பயத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஒரு பெடியன் வாய் திறந்தால் அவனை மிரட்ட நினைப்பவன் கையில் இன்னும் ஒரு கடதாசி இருக்கிறது.

வேப்பமரத்தடி:
சட்டம் எனக்குப் புதிய செய்தி, நன்றி. நான் ஜஸ்டின் பஷானுவை நினைத்துக்கொண்டிருந்தேன். 1981இல் பத்து இலட்சம் பவுணுக்கு நொட்டிங்ஹாம் போரஸ்ட் என்ற இங்கிலாந்துக் கழகம் வாங்கிய வீரர், அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின ஆட்டக்காரர். அவரைப் பற்றிக் கதை பரவியதும் முகாமையாளர் பிரையன் கிளஃப் பயிற்சிக்கே வரவிடாமல் மறித்தார். 1990இல் பகிரங்கமாகச் சொன்னபோது சொந்தத் தம்பியே, அவரும் உதைபந்தாட்டக்காரர்தான், கைவிட்டார். 1998இல் 37 வயதில் தற்கொலை. எங்கள் கோல்கீப்பருக்கு நாங்கள் செய்ததும் கிளஃப் செய்ததும் ஒன்றுதான். கிளஃப் முகத்துக்கு நேரே செய்தார். எங்களுக்கு அந்தத் துணிவும் இல்லை.

செயலாளர்:
பஷானு கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். சாகும்போது அமெரிக்காவில் அவர் மேல் ஒரு பதின்ம வயதுப் பெடியன் கொடுத்த பாலியல் முறைப்பாடு இருந்தது.

வேப்பமரத்தடி:
ஓம், இருந்தது. நான் விட்டது பிழை. அவர் அதை மறுத்துக் கடிதம் எழுதிவைத்துவிட்டு இறந்தார். வழக்கு நடக்கவே இல்லை, அதனால் உண்மை எது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கிளஃப் மறித்ததும் தம்பி கைவிட்டதும் அந்த முறைப்பாட்டுக்குப் பல வருடம் முந்தியவை.

பெரும்போர் ரசிகன்:
உதைபந்தாட்டக்காரர் சண்டைக்குள் ஒரு கிரிக்கெட் பைத்தியம் வரலாமா? 2019 பெப்ரவரி, சென்லூசியா டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளின் ஷனன் கேப்ரியல் பந்து வீசுகிறார், இங்கிலாந்தின் ஜோ றூட் துடுப்பாட்டம். கேப்ரியல் சொன்னது ஒலிவாங்கியில் விழவில்லை, றூட் சொன்ன பதில் விழுந்தது: அதை ஒரு வசவாகச் சொல்லாதே, தன்பாலீர்ப்பாளனாக இருப்பதில் பிழை ஒன்றும் இல்லை. கேப்ரியல் மன்னிப்புக் கேட்டார், நாலு ஒருநாள் போட்டித் தடை. அதே இங்கிலாந்து அணியில் ஸ்டீவன் டேவிஸ் என்ற விக்கெட் காப்பாளர் 2011லேயே சொல்லிவிட்டார். அதற்கு முந்திய ஆஷஸ் பயணத்தின்போதே அணிக்காரருக்குத் தெரியும். றூட்டுக்கு அந்தப் பதில் சட்டென்று வந்தது வானத்திலிருந்து இல்லை என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு பாடசாலைகள் வருடாவருடம் ஆடுகிற கிரிக்கெட் ஆட்டம், வடக்கின் பெரும்போர், அதற்கு நான் இருபது வருடமாகப் போகிறேன். பப்பரப்பா வாத்தியத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் எல்லைக்கோட்டில் நிற்கிற எதிரணிப் பெடியனைப் பார்த்துக் கூட்டம் எத்தனை தரம் "பொட்டை" என்று கத்துகிறது! பதினெட்டு வயதுப் பிள்ளை அவன். நானும் கத்தியிருக்கிறேன்.

வடமராட்சியான்:
அது பகிடி. அதையும் தடை செய்தால் ஆட்டம் பார்க்க வராமல் வீட்டில் கிடக்கலாம்.

வலைப்பந்து:
பந்து தவறவிட்டவனைப் பொட்டை என்று சொன்னால் அதில் இரண்டு பேருக்கு ஏச்சு விழுகிறது அண்ணை. ஒன்று அவனுக்கு, மற்றது எனக்கு.

வேப்பமரத்தடி:
செயலாளர் அண்ணை, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு பெடியனை நாளைக்கே எழும்பிச் சொல் என்று நானும் சொல்லமாட்டேன், ஒழுங்கையால் தனியே போகப்போவது அவன்தான். ஆனால் அவன் சொல்லாமலே எங்கள் அணியில் இருப்பான். இப்போதே இருக்கிறானோ தெரியாது. நாங்கள் கத்துவதை அவன் தினமும் கேட்டுக்கொண்டுதான் கோல் கம்பத்துக்குள் நிற்கிறான்.

செயலாளர்:
சரி தம்பி. பெயர் போடுவது பற்றி என் நிலைப்பாடு மாறவில்லை, அடுத்த கிண்ணத்துக்கு ஜெனரேற்றர் காசு நான்தான் கேட்கவேண்டும். அந்தச் சொல்லைப் பயிற்சியில் விடக்கூடாது என்று மட்டும் நாளைக்குப் பெடியங்களிடம் சொல்கிறேன். எங்கள் பயிற்றுநர்தான் கூடக் கத்துகிற ஆள், அவரிடம் முதலில் சொல்லவேண்டும். அதுவே பெரிய வேலை.

உங்கள் கோல்கீப்பருக்கு இப்போது தொடர்பு இருக்கிறதா?

வேப்பமரத்தடி:
நம்பர் இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.