யார் முந்துகிறார் என்பதை விட்டால் பரப்புரையில் எழுத வேறெதுவும் இல்லையா?

கேள்வி

நான் நாளிதழ் ஒன்றில் நான்காண்டுகளாக நிருபராகப் பணியாற்றுகிறேன். அண்மையில் ஒரு வேட்பாளரின் பொதுக்கூட்டத்தில் செய்தி சேகரித்தேன். நாற்பது நிமிடப் பேச்சில் ஏறத்தாழ பத்து நிமிடம், அரசு மருத்துவமனைகளில் காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடங்களை எந்தக் கால அளவில், எந்த நிதியிலிருந்து நிரப்புவேன் என்று அவர் விளக்கினார். எதிரணித் தலைவரைச் சாடியது ஒரே வாக்கியத்தில். இரண்டையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் அச்சில் வந்தவை அந்த ஒரு வாக்கியமும் அதற்கு எதிரணி தந்த பதிலடியும் மட்டுமே. செவிலியர் பகுதி இடமில்லை என்று வெட்டப்பட்டிருந்தது. மோதலைத்தான் வாசகர் விரும்பிப் படிக்கிறார் என்கிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், வாக்களிக்கப் போகிறவருக்கு அந்தச் செய்தியால் என்ன பயன்? பரப்புரைச் செய்தியை வேறு எப்படி அமைக்கலாம்?

பதில் 1

உங்கள் வருத்தம் புதிதன்று. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் அதிபர் வேட்பாளரின் சொந்தக் குரல் தொடர்ச்சியாக ஒலித்த நேரம் 1968இல் சராசரியாக 40 விநாடிக்கும் மேல் இருந்ததென்றும், 1988இல் 10 விநாடிக்கும் கீழே இறங்கிவிட்டதென்றும் ஆய்வாளர் டேனியல் ஹாலின் கணக்கிட்டார். பத்து விநாடியில் வசை அடங்கிவிடும், திட்டம் அடங்காது.

மாற்று வழியை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் உண்டு. 1992 தேர்தலின்போது அமெரிக்காவின் ‘சார்லட் அப்சர்வர்’ நாளிதழ் முதலில் மக்களிடம் அவர்களுடைய கவலைகள் எவை என்று கேட்டறிந்து, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேட்பாளர்களை அணுகியது. ஒரு வேட்பாளர் சுற்றுச்சூழல் குறித்துப் பிறகு பேசுவதாகத் தட்டிக்கழித்தபோது, அவருடைய பெயருக்குக் கீழே வெற்றிடம் விட்டு அச்சிடுவோம் என்று ஆசிரியர் தெரிவித்தார். பதில் வந்து சேர்ந்தது. எதைப் பேசுவது என்று கட்சிகளே முடிவு செய்துகொண்டிருக்கும் வரை நாம் அவர்களின் ஒலிபெருக்கியாகத்தான் இருப்போம் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2

கருத்துக்கணிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ‘யார் முந்துகிறார்’ என்ற தலைப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. ஆயிரம் பேரிடம் முறையாக எடுத்த கணிப்பில்கூட ஒவ்வொரு விழுக்காடும் ஏறத்தாழ 3 புள்ளிகள் மேலோ கீழோ இருக்கலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் பிழை வரம்பு இன்னும் அகலமானது. ஆகவே 48க்கு 46 என்பதை ‘முன்னிலை’ என்று தலைப்பிடுவது தவறு. போட்டி கடுமையாக உள்ளது என்பதற்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்வதில்லை.

எண்ணிக்கையின் பெருக்கமும் நம்மைக் காப்பாற்றாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களைப் பெரிதும் நம்பியதும், பதில் அனுப்ப முன்வந்தவர்களை மட்டுமே எண்ணியதும் பிழைக்குக் காரணங்கள். கணிப்பை வெளியிட்டால், யார் பணம் கொடுத்து நடத்தியது, எத்தனை பேரிடம், எந்த நாட்களில், என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பவற்றையும் அதே செய்தியில், படிக்கக்கூடிய எழுத்தளவில் தர வேண்டும்.

பதில் 3

முந்தைய இருவருடனும் உடன்படுகிறேன், ஆயினும் ஒரு மறுப்பு உண்டு. திட்டத்தை விரிவாக வெளியிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பணியிடங்களை நிரப்புவேன் என்று ஒருவர் சொன்னால், ஆண்டுச் சம்பளச் செலவு எவ்வளவு, பயிற்சி பெற்றவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்களா, முன்பு பதவியில் இருந்தபோது அவர் எத்தனை இடங்களை நிரப்பினார் என்று விசாரித்து எழுத வேண்டும். நடுநிலை என்ற பெயரில் இரு தரப்புக்கும் சமமான வரிகளை ஒதுக்கிவிட்டு, ஒருவர் சொன்னது பொய் என்று தெரிந்தும் அடுத்தவரின் மறுப்பை மட்டும் பக்கத்தில் வைப்பது வாசகரைக் கைவிடுவதாகும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. குறிப்பேட்டை மீண்டும் எடுத்திருக்கிறேன். அந்தச் சம்பளக் கணக்கை நிதித்துறை ஆவணங்களில் தேடி, மற்ற வேட்பாளர்களுக்கும் அதே செவிலியர் கேள்வியை எழுத்தில் அனுப்பப் போகிறேன். பதில் வராத பெயருக்குக் கீழே வெற்றிடம் விட ஆசிரியர் இசைவாரா என்று நாளைய கூட்டத்தில் கேட்கிறேன்.