வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ எதை விற்றுப் பிழைக்கிறது? தொலைக்காட்சியா, அரங்கமா?

அரைக்கோடு:

"என்பிஏ அணிகள் டிக்கெட் விற்றுத்தான் சம்பாதிக்கின்றன, தொலைக்காட்சிப் பணம் அதற்கு மேல் கிடைக்கும் உபரி" என்று வேறோர் இழையில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அந்த இழை வீரர் மாற்றங்களைப் பற்றியது என்பதால் அங்கே மறுக்காமல் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். உண்மை நேர்மாறானது என்பது என் கருத்து. என்பிஏ ஒரு ஒளிபரப்பு வியாபாரம்; அரங்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அந்த ஒளிபரப்பின் பின்னணி.

2024 ஜூலையில் டிஸ்னி, என்பிசி யுனிவர்சல், அமேசான் ஆகிய மூன்று நிறுவனங்களுடன் லீக் செய்துகொண்ட ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7,600 கோடி டாலர் மதிப்புடையது. அது 2025-26 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுச் சராசரி சுமார் 690 கோடி. மகளிர் லீக்கின் உரிமமும் அதில் அடங்கியிருக்கிறது என்றாலும், மொத்தத்தை 30 அணிகளுக்கும் பிரித்தால் அணிக்கு 23 கோடி டாலர் வரை வருகிறது. அந்தப் பருவத்தில் ஓர் அணியின் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து விதிக்கப்பட்ட சம்பள உச்சவரம்பு சுமார் 15.46 கோடி மட்டுமே. ஒரு டிக்கெட் கூட விற்காத அணியும், தேசிய ஒளிபரப்புப் பங்கை வைத்தே வரம்பளவு சம்பளத்தைக் கொடுத்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம் என்பதுதான் இந்த எண்களின் பொருள். 1980இல் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தை, மேஜிக் ஜான்சன் என்ற புதுமுக வீரர் 42 புள்ளிகள் குவித்த ஆட்டத்தை, நாட்டின் பெரும்பகுதிக்கு நள்ளிரவை ஒட்டிப் பதிவாகவே காட்டினார்கள். அந்த லீக்கையும் இன்றைய லீக்கையும் பிரிப்பது ஆட்டத்தின் தரம் அல்ல, ஒளிபரப்பின் விலைதான்.

மேல்வரிசை:

அரைக்கோடு அவர்களின் வகுத்தல் கணக்கு சரி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் சரியில்லை. அமெரிக்காவில் ஓர் அரங்கத்தின் டிக்கெட் பிரிவில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டத்தைப் "பின்னணி" என்று அழைப்பவர் அந்தக் கூட்டம் விட்டுச்செல்லும் பணத்தைப் பார்த்ததில்லை.

ஒவ்வோர் அணிக்கும் வழக்கமான பருவத்தில் 41 ஆட்டங்கள் சொந்த அரங்கில் நடக்கின்றன. 2023-24இல் லீக் முழுவதும் அரங்குக்கு வந்தவர்கள் சுமார் 2 கோடியே 25 லட்சம் பேர். அவர்கள் ஒவ்வொருவரும் டிக்கெட்டோடு நிற்பதில்லை: வண்டி நிறுத்தக் கட்டணம், உணவு, ஜெர்சி, எல்லாவற்றுக்கும் மேலாக நிறுவனங்கள் ஆண்டுக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் தனி அறைகள். தேசிய ஒளிபரப்புப் பணம் முப்பது பேருக்கும் சமமாகப் பிரிகிறது. வாசலில் வசூலாகும் பணமோ, லீக்குக்குச் செலுத்தும் சிறு பங்கு போக, அந்த அணியிடமே தங்குகிறது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சுமார் 140 கோடி டாலர் தனியார் பணத்தில் 2019இல் சேஸ் சென்டரைக் கட்டியது இதற்காகத்தான். சொந்த அரங்கம் என்றால், கூடைப்பந்து இல்லாத இரவுகளில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளின் வருமானமும் தன்னுடையதே.

இன்னொன்று. 2020இல் பெருந்தொற்றால் கதவுகள் மூடப்பட்டபோது, ஆட்டங்கள் ஆர்லாண்டோவில் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்தன. ஒளிபரப்பு தடையில்லாமல் ஓடியது. அந்த ஆண்டு ஆணையர் ஆடம் சில்வர் வீரர்களிடம், லீக் வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அரங்குக்கு வரும் ரசிகர்களைச் சார்ந்தது என்று கூறினார். நாற்பது சதவீதத்தை உபரி என்றும் சொல்ல முடியாது, பின்னணி என்றும் சொல்ல முடியாது.

அரைக்கோடு:

அந்த 40 சதவீதம், ஆண்டுக்கு சுமார் 266 கோடி டாலர் தந்துகொண்டிருந்த பழைய ஒப்பந்தக் காலத்துக் கணக்கு என்பதை மேல்வரிசை அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு பக்கத் தட்டில் எடை இரண்டரை மடங்காகிவிட்ட பிறகும் தராசு முள் பழைய இடத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எண்களை விட்டுவிட்டு லீக்கின் நடத்தையைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் லீக் ஒரு விதி கொண்டுவந்தது. நட்சத்திர வீரர்களை ஓய்வு என்ற பெயரில் உட்கார வைப்பதைக் கட்டுப்படுத்தும் அந்த விதி, தேசியத் தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களிலும் பருவத்தின் நடுவில் நடக்கும் கோப்பைப் போட்டியிலும் அவர்கள் களமிறங்கத் தயாராக இருக்க வேண்டும் என்று தனியே குறிப்பிடுகிறது. காசு கொடுத்து வந்து ஏமாந்த ரசிகர் பல ஆண்டுகளாக முறையிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒளிபரப்புப் பேச்சுவார்த்தை நெருங்கிய நேரத்தில்தான் விதி பிறந்தது. யார் முதன்மை வாடிக்கையாளர் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சம்பளமும் அப்படித்தான். முந்தைய ஒப்பந்தம், 9 ஆண்டுகளுக்கு 2,400 கோடி, தொடங்கிய 2016-17இல் உச்சவரம்பு ஒரே கோடையில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குத் தாவியது. அந்தத் தாவலால் வரம்புக்குள் கிடைத்த இடத்தில்தான், முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த வாரியர்ஸ் நட்சத்திர வீரர் கெவின் டுரான்டையும் சேர்த்துக்கொண்டது. எந்த அரங்கத்தின் டிக்கெட் வசூலும் அப்படி ஒரு அணியை உருவாக்கியதில்லை.

மேல்வரிசை:

அந்த விதி யாருக்காக வந்தது என்பதில் உங்களோடு சண்டையிட மாட்டேன். ஆனால் அதன் மறுபக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆட்டம், மாலை ஐந்தரை மணிக்குக் காயப் பட்டியல் வெளியாகிறது, எதிரணியின் நட்சத்திரம் அதில் இருக்கிறார். மறுவிற்பனைத் தளத்தில் கீழ்த்தட்டு இருக்கைகளின் விலை திரையிலேயே சரியத் தொடங்கும், ஆறரை மணிக்குள் பாதிக்கு வந்துவிடும். எங்கள் அறையில் யாரும் பதறியதில்லை. அந்த இருக்கைகளில் பெரும்பாலானவை பருவகால டிக்கெட்டாகப் பல மாதங்களுக்கு முன்பே விற்கப்பட்டவை, பணம் எப்போதோ வங்கிக்குப் போய்விட்டது. நட்டம் மறுவிற்பனை செய்பவருடையது. ஆட்டம் தொடங்கும் முன்பே முழுத் தொகையையும் கையில் கொடுக்கும் வாடிக்கையாளர் அரங்கில்தான் இருக்கிறார்.

தொலைக்காட்சி என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதும் தவறு. தேசிய ஒளிபரப்பு கொழிக்கும் அதே காலத்தில் வட்டார ஒளிபரப்பு நொறுங்கிக்கொண்டிருக்கிறது. லீக்கின் பாதிக்கு நெருக்கமான அணிகளின் உள்ளூர் உரிமத்தை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. வீடுகள் கேபிள் இணைப்பைத் துண்டிக்கத் துண்டிக்க, கூடைப்பந்தே பார்க்காத சந்தாதாரரிடமிருந்தும் மாதாமாதம் வந்துகொண்டிருந்த காசு வற்றியது. ஃபீனிக்ஸ் சன்ஸும் யூட்டா ஜாஸும் அதே ஆண்டு கட்டணமில்லா அலைவரிசைக்கு மாறின. காரணம் தருமசிந்தனை அல்ல, கட்டண வழி அடைபட்டதுதான்.

பேரேடு:

இருவரும் வருமானக் கணக்கைப் பற்றி வாதிடுகிறீர்கள். உரிமையாளர்கள் பார்ப்பது சொத்துக் கணக்கை. பாஸ்டன் செல்டிக்ஸை ஒரு குழு 2002இல் 36 கோடி டாலருக்கு வாங்கியது. 2025இல் அது கைமாறியபோது மதிப்பு 610 கோடி. இடையில் அந்த அணி ஆண்டுதோறும் ஈட்டிய லாபம் எதுவாக இருந்தாலும் இந்த வளர்ச்சிக்கு முன்னால் அது சில்லறை. மேல்வரிசை அவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி, செல்டிக்ஸுக்குச் சொந்த அரங்கமே கிடையாது. அது வேறொரு நிறுவனத்தின் கட்டடத்தில் வாடகைக்கு ஆடுகிறது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் விற்பனை ஏறத்தாழ 1,000 கோடி டாலர் மதிப்பில் பேசி முடிக்கப்பட்டது.

ஏன் இந்த விலை? இருப்பது முப்பது அணிகளுக்கான இடங்கள்தான். கடைசியாக ஒரு புதிய அணியைச் சேர்த்தது 2004இல், ஷார்லட் நகரில். ஐரோப்பியக் கால்பந்தில் தோற்றவர் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். இங்கே கடைசி இடம் பிடித்தவருக்கு நல்ல இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பரிசாகக் கிடைக்கிறது. போதாததற்கு, அணியை வாங்கிய விலையின் பெரும்பகுதியை 15 ஆண்டுகளில் தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. விலை ஏறிக்கொண்டே போகும் பொருளுக்குத் தேய்மானம்! என் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்தும் இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. என்பிஏ விற்பது ஒளிபரப்பும் அல்ல, டிக்கெட்டும் அல்ல, பூட்டிய கதவு.

அரைக்கோடு:

கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதானே அதன் விலை? 1976ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எதிராகப் போட்டியிட்ட இன்னொரு லீக்கான ஏபிஏ கலைந்தபோது டென்வர், இண்டியானா, நியூயார்க், சான் அன்டோனியோ ஆகிய நான்கு அணிகள் என்பிஏவுக்குள் வந்தன. வெளியே நிறுத்தப்பட்ட கென்டக்கி அணியின் உரிமையாளர் 30 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமான தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு ஒதுங்கினார். செயின்ட் லூயிஸ் அணியின் சில்னா சகோதரர்கள் குறைந்த ரொக்கத்தோடு வேறொன்றையும் கேட்டு வாங்கினார்கள்: அந்த நான்கு அணிகளும் பெறும் ஒளிபரப்புப் பங்கில் ஏழில் ஒரு பகுதி, கால வரம்பு இல்லாமல். அன்று அது ஏறக்குறைய வெற்றுத்தாள். இல்லாத அணியின் பெயரில் அவர்கள் பெற்ற தொகை காலப்போக்கில் சுமார் 30 கோடி டாலரானது. 2014இல் அந்த உரிமையின் பெரும்பகுதியைக் கைவிடச் செய்ய லீக் மேலும் 50 கோடி கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கதவுக்குள் இடம் இல்லை, அரங்கம் இல்லை, ஒரு வீரர்கூட இல்லை. ஒளிபரப்புப் பங்கு மட்டும் இருந்தது.

பேரேடு:

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் எனக்கே சாதகமானது. கென்டக்கிக்கு இடம் மறுக்க முடிந்ததால்தான் உள்ளே சென்ற நான்கு பங்குகளுக்கும் அந்த மதிப்பு வந்தது.

மாற்று ஆட்டக்காரர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். இத்தனை பணத்தில் வீரர்களுக்கு எவ்வளவு போகிறது என்று எவருமே சொல்லவில்லையே?

பேரேடு:

ஏறத்தாழ சரிபாதி. வீரர் சங்கத்தோடு செய்த 2005 உடன்படிக்கையில் 57 சதவீதமாக இருந்தது. 2011இல் உரிமையாளர்கள் கதவடைப்பு நடத்தி, பருவத்தை 66 ஆட்டங்களாகச் சுருக்கி, அதை 49 முதல் 51 சதவீதத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் எதன் பாதி என்பதைக் கேளுங்கள். "கூடைப்பந்து சார்ந்த வருமானம்" என்று உடன்படிக்கை வரையறுக்கும் தொகையின் பாதி. ஒளிபரப்பும் டிக்கெட்டும் அதில் வருகின்றன. தனி அறைகள், அரங்கப் பெயர் உரிமை போன்றவற்றில் ஒரு பகுதி மட்டும் வருகிறது. அணியை விற்றால் கிடைக்கும் லாபத்திலும், புதிய அணி செலுத்தும் நுழைவுக் கட்டணத்திலும் வீரர்களுக்கு ஒரு காசு கிடையாது.

மேல்வரிசை:

பேரேடு அவர்களின் பூட்டிய கதவுக்கு இன்னொரு பயன் உண்டு. அது ஊரை மிரட்டப் பயன்படுகிறது. 2008இல் சியாட்டில் தன் அணியை ஓக்லஹோமா சிட்டியிடம் இழந்தது. அரங்கத்துக்குப் பொதுப்பணம் கேட்டுக் கிடைக்காததுதான் முதன்மைக் காரணம். 2023 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டி வாக்காளர்கள், குறைந்தது 90 கோடி டாலர் செலவில் புதிய அரங்கம் கட்ட ஒரு சதவீத விற்பனை வரியை ஏற்றுக்கொண்டார்கள். அதில் அணி உரிமையாளர்கள் போடுவது 5 கோடி. அரங்கம் முக்கியமில்லை என்றால் இந்தப் பாடு எதற்கு? கட்டுமானச் செலவை ஊர் ஏற்கிறது, தனி அறை வாடகையின் பலன் அணிக்குப் போகிறது. லீக்கின் வருமானப் பட்டியலில் "வரி செலுத்துவோர்" என்று ஒரு வரி இல்லாததால் நாம் அதை எண்ணத் தவறுகிறோம்.

அரைக்கோடு:

இதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என் முதல் பதிவில் இது இருந்திருக்க வேண்டும். தேசிய ஒளிபரப்பே மிகப்பெரிய வரவு என்பதில் மட்டும் நிற்கிறேன். மற்றவை பின்னணி என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

பேரேடு:

அப்படியானால் மூன்றும் சந்திக்கும் இடத்தையும் பார்த்துவிடுவோம். லீக்கில் இரண்டு அணிகள் கூடுகின்றன என்று வையுங்கள். 690 கோடியை 30க்குப் பதில் 32ஆல் வகுத்தால் அணிப் பங்கு 23 கோடியிலிருந்து 21.6 கோடிக்கு இறங்கும். ஆண்டுக்கு 1.4 கோடி இழப்பு. வீரர்களின் பாதியைக் கழித்தால் உரிமையாளருக்கு 70 லட்சம். நுழைவுக் கட்டணமோ இருக்கிற முப்பது பேருக்குள் மட்டும் பிரிகிறது. இன்றைய விற்பனை விலைகளை ஒட்டி அதை நிர்ணயித்தால் பல ஆண்டு இழப்பு ஒரே நாளில் ஈடாகும். ஆனால் அடுத்த ஒப்பந்தத்திலும் அதற்கு அடுத்ததிலும் பங்கு 32இல் ஒன்றுதான். சில்னா சகோதரர்களுக்கு எழுதிக்கொடுத்துப் பட்டவர்கள், நிரந்தரப் பங்கை எளிதில் எழுதிக்கொடுப்பார்களா?

மேல்வரிசை:

சியாட்டிலில் அணி விட்டுச்சென்ற பழைய அரங்கத்தைக் கூரையை மட்டும் அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் முழுவதும் தோண்டிப் புதிதாகக் கட்டி, 2021 அக்டோபரில் திறந்தார்கள். தனியார் பணம். ஐஸ் ஹாக்கி அணியும் மகளிர் கூடைப்பந்து அணியும் அங்கே ஆடுகின்றன. கூட்டமும் வருகிறது, தனி அறைகளும் இருக்கின்றன. உங்கள் 70 லட்சக் கணக்குக்காகத்தான் அந்த ஊர் 2008 முதல் காத்திருக்கிறது என்றால், பேரேடு ஐயா, கதவு விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.