திருப்ப வேண்டியது எது? எனக்குப் புரிஞ்ச நாள்

பத்தாவதுல விகிதமுறு கோவைன்னாலே, அதாவது மேலயும் கீழயும் எக்ஸ், வொய்னு வர்ற பின்னம்னாலே, எனக்கு பயம். வகுத்தல் கணக்கு வந்தா "தலைகீழா திருப்பிப் பெருக்கு"ன்னு மனப்பாடம் பண்ணிருப்பேன், ஆனா பரீட்சை ஹால்ல எதைத் திருப்பணும்னு குழம்பி முதல் பின்னத்தையே திருப்பி வச்சிட்டு வந்துருவேன், அரையாண்டுல அப்படியே 5 மார்க் போச்சு.

காரைக்குடில எனக்கு டியூஷன் எடுத்த அக்கா வீட்டுல பலகார ஆர்டரும் எடுப்பாங்க. அன்னைக்கு தீபாவளி நெருக்கம், வளவு முழுக்க தேன்குழலும் மனகோலமும் பரப்பிக் கெடக்கு, ஆச்சி கால் கிலோ பாக்கெட்டா கட்டிக்கிட்டு இருந்தாங்க. அக்கா திடீர்னு, "முக்கால் கிலோவுக்கு எத்தனை பாக்கெட்டுடா வரும்?"ன்னாங்க. 3ன்னு சொன்னேன். "எப்படி? ஒரு கிலோவுக்கு 4 பாக்கெட், அப்ப முக்கால் கிலோவுக்கு முக்கால் இன்ட்டு 4. இதுல திரும்புனது பலகாரமா பாக்கெட்டா?"

பாக்கெட்தான்! கால் திரும்பி 4 ஆச்சு, பலகாரம் முக்காலாவே இருக்கு. வகுக்கிறதைத்தான் திருப்பணும்.

உடனே ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை மேலயே சாக்பீஸால ஒரு கணக்கு போட்டாங்க, 12 எக்ஸ் கியூப் வொய் ஸ்கொயர் பை 5 இசட், அதை 4 எக்ஸ் வொய் பவர் 5 பை 15 இசட் கியூபால வகுக்கணும். ரெண்டாவதைத் திருப்பினேன், நம்பரெல்லாம் அடிபட்டு 9, எக்ஸ் ஸ்கொயரும் இசட் ஸ்கொயரும் மேல. வொய்லதான் மாட்டிக்கிட்டேன். அக்கா மேல ரெண்டு வொய், கீழ அஞ்சு வொய்னு பிரிச்சு எழுதி ஜோடி ஜோடியா அழிச்சாங்க, கீழ மூணு மிஞ்சுச்சு. அடுக்கை ஏன் கழிக்கிறோம்னு அப்பதான் கண்ணால பாத்தேன். விடை 9 எக்ஸ் ஸ்கொயர் இசட் ஸ்கொயர் பை வொய் கியூப், இன்னும் மறக்கல.

---

இதைப் படிச்சிட்டு எழுதுறேன், நான் தேவகோட்டை. எங்க வீட்டுல பிரச்சனை பின்னத்துல மேலயும் கீழயும் இருக்குறதை அடிச்சுச் சுருக்குறதுலதான். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 6 எக்ஸ் பிளஸ் 9, கீழ எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9. என் மகன் மேலயும் கீழயும் எக்ஸ் ஸ்கொயரை அடிச்சிட்டு அதுதான் விடைன்னு நிக்கிறான். திட்டல, எக்ஸுக்கு 4 போட்டுப் பாருய்யான்னேன். கணக்குல போட்டா 49 பை 7, அதாவது 7. அவன் விடைல போட்டா 33 பை மைனஸ் 9! பய அப்படியே முழிக்கிறான். அப்புறம் காரணிப்படுத்த வச்சேன், எக்ஸ் பிளஸ் 3 ரெண்டு தடவை மேல, கீழ எக்ஸ் பிளஸ் 3 இன்ட்டு எக்ஸ் மைனஸ் 3, பொதுவா இருக்குற ஒண்ணு போச்சுன்னா எக்ஸ் பிளஸ் 3 பை எக்ஸ் மைனஸ் 3, 4 போட்டா அதே 7. கூட்டல்ல நிக்கிறதை அடிக்க முடியாது, பெருக்கல்ல நிக்கிறதைத்தான் அடிக்கலாம். இப்ப அவனே ஒவ்வொரு கணக்குக்கும் நம்பர் போட்டு செக் பண்றான், 3ம் மைனஸ் 3ம் மட்டும் இந்தக் கணக்குல போடக்கூடாது, கீழ ஜீரோ ஆயிரும்.