மறு: டயருக்கு வருவது ‘உலர் அழுகல்’ இல்லை, மூப்பு

அனைவருக்கும் வணக்கம். வயதான டயரில் விழும் வெடிப்பை ஆங்கிலத்தில் ‘டிரை ராட்’ (dry rot) என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> பட்டன் (டயர் ரோட்டில் படும் பகுதியின் மேடு பள்ளம்) முழுசா இருக்கு, ஆனா பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு. ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ‘உலர் அழுகல்’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம். அழுகல் என்றாலே நமக்கு ஈரம்தான் நினைவுக்கு வரும். வேர் அழுகல், தண்டு அழுகல் என்று வேளாண்மைத் துண்டறிக்கைகளில் வருவது பெரும்பாலும் கை வைத்தால் சொதசொதவென்று உள்ளே போகிற சமாச்சாரம். டயரில் நடப்பது இதற்கு நேர் எதிர், இறுகிப் போகிறது. இந்தச் சொல்லைப் படித்துவிட்டு ஒருவர் டயரை அமுக்கிப் பார்த்து ‘கெட்டியாகத்தானே இருக்கிறது, நல்ல டயர்’ என்று கிளம்பிவிட்டால் என்ன செய்வது? ஆங்கிலக்காரர்கள் மரத்தை அரிக்கும் பூஞ்சை நோயின் பெயரைக் கடன் வாங்கி ரப்பருக்கு ஒட்டினார்கள். மரத்தில் பூஞ்சை இருக்கிறது, டயரில் எந்தப் பூஞ்சையும் இல்லை. அவர்கள் வாங்கிய கடனை நாம் எதற்கு அடைக்க வேண்டும்?

உண்மையில் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். டயரில் இருக்கும் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர் இரண்டிலும் மூலக்கூறுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் இருக்கும் ஓசோன் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனாலும் அது நேராகப் போய் அந்தப் பிணைப்புகளை வெட்டும். ரப்பர் எங்கே இழுபட்டு நிற்கிறதோ அங்கே அந்த வெட்டு வெடிப்பாகத் திறக்கும், அதுவும் இழுக்கும் திசைக்குக் குறுக்காக. இதைத் தடுக்கத்தான் கலவையிலேயே மெழுகும் ஓசோன் தடுப்பானும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது இவை மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும், மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு அது சரியாக நடப்பதில்லை. இன்னொரு பக்கம் ஆக்சிஜன் உள்ளே ஊடுருவி, சங்கிலிகளுக்கு நடுவே புதுப்புதுக் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி ரப்பரை இறுக்குகிறது. வெப்பம் கூடினால் இரண்டுமே வேகமாகும், நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. (ஓசோன் தடுப்பானாக அதிகம் பயன்படுவது 6பிபிடி என்ற பொருள். அது ஓசோனோடு சேர்ந்து உண்டாக்கும் ஒரு வேதிப்பொருள்தான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் கண்டறிந்தார்கள். அது தனி இழைக்கு உரிய விஷயம்.)

ஆக, இறுகுவது ஒன்று, வெடிப்பது ஒன்று, இரண்டுக்கும் காரணம் வயது. அதனால் பொதுச்சொல்லாக ‘மூப்பு’ என்கிறேன். ரப்பர் மூப்பு, டயர் மூப்பு. உள்ளே ‘இறுகல்’, ‘வெடிப்பு’ என்று இரண்டு துணைச்சொற்கள். பணிமூப்பு என்று அரசு அலுவலகத்தில் தினமும் புழங்கும் சொல், யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ‘முதுமை’யும் பொருளில் சரிதான், ஆனால் அது மனிதரையே நினைவூட்டுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. பழைய வண்டியில் டயர் மட்டுமா இப்படி ஆகிறது? சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்டிங், ஹோஸ் என்று ரப்பரால் ஆன உதிரிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ‘புஷ் அழுகிவிட்டது’ என்று எந்த மெக்கானிக்காவது சொல்வாரா? ‘கல்லாப் போச்சு சார்’ என்பார். அந்தக் ‘கல்லாதல்’கூட எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எழுத்தில் ‘கல்லாத’ என்று வந்தால் படிக்காதவர் என்று ஆகிவிடும்.

> ‘காலாவதி’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, மாத்திரை அட்டைக்கு. டயரில் காலாவதித் தேதி எதுவும் அச்சிடுவதில்லை, தயாரித்த தேதி மட்டும்தான். மெர்சிடிஸ் தன் கையேடுகளில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு ஆண்டுக்குமேல் வேண்டாம் என்கிறது. மிஷ்லான் ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடா வருடம் சோதிக்கச் சொல்லி, பத்து ஆண்டை மேல்வரம்பாக வைக்கிறது. வரம்பே ஆளுக்கு ஆள் மாறும்போது ‘காலாவதி’ என்று எழுதினால் ஏதோ ஒரு தேதியன்று திடீரென்று கெட்டுப்போகும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். தயாரித்த தேதியைச் சொல்ல டயரில் போட்டிருக்கும் நான்கு இலக்கத்துக்கு ‘வார ஆண்டுக் குறி’ போதும். 2000-இலிருந்து இந்த முறைதான்: 2314 என்று இருந்தால் 2014-இன் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டுச் சரக்கு, கழற்றி வைத்துவிடுங்கள்.

பட்டனுக்குப் பதிலாக முன்வைத்த ‘இழைத்தடம்’ பற்றி ஒரே வரி: பட்டன் என்று ஊரே சொல்கிறது, பட்டனே இருக்கட்டும். பட்டன் ஆழம், பட்டன் தேய்மானம், தேய்ந்து முடிந்தால் மொட்டை டயர். 1.6 மில்லிமீட்டர்தான் சட்டப்படி கடைசி எல்லை, பட்டன் இடுக்கில் சின்ன மேடு போல இருக்கும் தேய்மானக் குறி அந்த உயரத்தில்தான் இருக்கும். பக்கச்சுவருக்கு மட்டும் நான் ‘விலா’வை முன்வைக்கிறேன். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் உடம்பின் பக்கத்தைக் குறிக்கும் சொல்லைத்தான் டயருக்கும் சொல்கிறார்கள். ‘விலாவில் வெடிப்பு’ என்றால் இடம் உடனே விளங்குகிறது.

சரி, இந்த இழையைத் தொடங்கிவைத்த கோவை அண்ணனுக்கு வருகிறேன். அண்ணே, சொல் பஞ்சாயத்தில் உங்கள் டயரை எல்லோரும் மறந்துவிட்டோம். உங்களிடம் இருப்பது 1996 மெர்சிடிஸ் ஈ 220, டபிள்யூ 124 உடல் (அந்தத் தலைமுறை வண்டிக்கு நிறுவனம் வைத்த உள்பெயர்). 1995-இல் மெர்சிடிஸ் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து புனேயில் பாகங்களைப் பூட்டி உருவாக்கத் தொடங்கிய வரிசை. டயரில் 2314. பட்டன் நிறைய இருக்கிறது என்பதற்காக வைத்துக்கொள்ளாதீர்கள். 2013-இல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்துக்கு முதல் காரணம் வேகம் என்றுதான் ஷெரிஃப் (அமெரிக்க வட்டாரக் காவல்துறை) விசாரணை சொன்னது. ஆனால் அந்த போர்ஷே கரேரா ஜிடி-யின் டயர்கள் ஒன்பது வயதைத் தாண்டியவை என்பதும் அதில் பதிவானது. இறுகின ரப்பர் ரோட்டைப் பிடிக்காது, மழையில் இன்னும் மோசம்.

நல்ல செய்தி என்னவென்றால் உங்கள் அளவு 195/65 ஆர் 15 (அகலம் 195 மில்லிமீட்டர், விலா உயரம் அதில் 65 சதவீதம், சக்கரம் 15 அங்குலம்). பழைய ஸ்கோடா ஆக்டேவியா, டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் எல்லாம் இதே அளவில் ஓடியதால் உள்நாட்டுத் தயாரிப்பே தாராளமாகக் கிடைக்கும். புது டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் கட்டுப்பாடு வந்த பிறகு, விசித்திரமான அளவுள்ள பெரிய வண்டிக்காரர்கள் படும் பாடு உங்களுக்கு இல்லை. சுமைச் சுட்டெண் 91, அதாவது டயருக்கு 615 கிலோ, அதற்குக் கீழே இறங்காதீர்கள். வேகக் குறியில் எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240. அவினாசி ரோட்டில் எதற்கு வி என்று கடைக்காரர் கேட்பார், கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். 95 என்று போட்ட கூடுதல் சுமை டயரும் இதே அளவில் வரும், பொதுவாக விலா கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அந்த வண்டியை வைத்திருப்பதே அதன் மெத்தென்ற ஓட்டத்துக்காக, அதை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? 16 அங்குல அலாய் சக்கர ஆசையும் அப்படித்தான். 205/55 ஆர் 16 போட்டால் மொத்த விட்டம் 634-இலிருந்து 632 மில்லிமீட்டர், ஸ்பீடோமீட்டருக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் விலா உயரம் 127-இலிருந்து 113-க்கு இறங்கும், குழியில் விழும் அடியெல்லாம் அந்த முப்பது வயது புஷ்களுக்குத்தான் போகும்.

கடையில் குறியை நீங்களே பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு கடையில் டயர் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தது நான்கு வருடப் பழைய சரக்கு, விலையில் பைசா குறைக்கவில்லை. வார ஆண்டுக் குறி பெரும்பாலும் ஒரு விலாவில்தான் இருக்கும், அது உள்பக்கம் போகிற மாதிரி மாட்டிவிட்டால் அப்புறம் வண்டிக்கு அடியில் போனை நீட்டிப் படமெடுத்துத்தான் பார்க்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே கேளுங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பாருங்கள், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே மூப்படைந்த டயர் அனேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் இறப்பர், ரயர் என்றுதான் எழுதுவோம். பட்டியலில் எது வரும்?

இரண்டும் வரட்டும். இறப்பர் மூப்பு, ரப்பர் மூப்பு என்று பக்கத்தில் பக்கத்தில் போடுவோம், சண்டை வேண்டாம்.

மிச்சம் இருப்பது, ஒரே இடத்தில் நின்று நின்று டயரின் அடிப்பக்கம் தட்டையாகி, கிளம்பியதும் தடதடவென்று அடிக்குமே, அதற்கு ஒரு சொல். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானால் சரியாகிவிடுவதும் உண்டு, சரியாகாமல் நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு, இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் நல்லது. ‘சப்பிப் போச்சு’ என்று பட்டறையில் சொல்வதை வைத்து ‘நிலைச்சப்பை’ என்று யோசித்தேன், முதல் வகைக்கு அது ஒத்துவரவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தோட்டத்திலோ ஷீட் அடிக்கும் இடத்திலோ பழகியவர்கள் குழுவில் இருக்கிறார்கள், அங்கே ஏதாவது சொல் புழங்குகிறதா?

அண்ணே, டயரோடு ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், மறந்துவிடுவார்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து